மட்பாண்டச் சூளை கட்டப்போகிறீர்களா? முதலில் அளவு, பிறகு சுவர், கடைசியில்தான் உட்பூச்சு

போருக்குப் பின்னரான வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, கட்டி முடித்துக் கைவிடப்பட்ட பலவற்றை வடக்கில் பார்த்து வருகிறேன். பூட்டிய தையல் நிலையங்கள், வெறுமையான கோழிக்கூடுகள் என்று நீளும் அந்த வரிசையில் மட்பாண்டச் சூளைகளும் உண்டு. பார்வைக்கு அவற்றில் குறை தெரியாது. சீமெந்துக்கல் சுவர், உள்ளே வழுவழுவென்று பூச்சு, வாசலில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். ஆனால் சில தடவை சூளை வைத்ததும் உட்பூச்சு தகடு தகடாகக் கழன்றுவிடும், சுவர் வெடித்துவிடும். வெடிக்காமல் தப்பிய சூளையோ ஒரு குடும்பத்தின் கை நிரப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்களில் மண் அடுப்பும் மண் சட்டியும் பல வீடுகளுக்குத் திரும்பி வந்தன. அதன்பின் இந்தத் தொழிலை மீண்டும் தொடங்கலாமா, சிறிய சூளை ஒன்றுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்பவர்களைச் சந்திக்கிறேன். அவர்களில் பலரின் முதற்கேள்வி, “உள்ளே எதைப் பூசலாம்?” என்பதுதான். உண்மையில் அது கடைசிக் கேள்வி. என்ன பாண்டம், மாதத்தில் எத்தனை என்பது முதலாவது. அதிலிருந்து அறையின் அளவு வரும். அளவிலிருந்து சுவரும் காற்று வழியும் வரும். இவை சரியாக அமைந்த பிறகே பூச்சு உதவும். அளவில் விட்ட பிழையை எந்தப் பூச்சாலும் திருத்த முடியாது.

இந்தக் கட்டுரை அதே வரிசையில் செல்கிறது. சட்டி, பானை, அடுப்பு, பூச்சாடி போன்ற 800 முதல் 1000 பாகை செல்சியஸுக்குள் சுடும் பாண்டங்களுக்கான சிறிய விறகுச் சூளையையே மனதில் வைத்து எழுதுகிறேன்.

நம் நிலத்தில் முதல் எதிரி சுண்ணாம்பு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததற்கும் அந்தக் கல்தான் காரணம். பழைய வீடுகளின் சுவரிலும் மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் அந்தக் கல்லையும் முருகைக்கல்லையும் காணலாம். கையில் இருக்கும் கல்லைக் கொண்டு கட்டுவது நம்மவர்களின் பழக்கம். சூளைக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஆகாது.

சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 800 முதல் 900 பாகை வரை சூடாகும்போது கரியமில வாயுவை வெளியேற்றிச் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் இப்படி மாறும்போது தன் எடையில் 44 வீதத்தை இழக்கும். சுண்ணாம்புச் சூளைகள் வேலை செய்வதும் இதே முறையில்தான். ஆகவே முருகைக்கல்லால் மட்பாண்டச் சூளை கட்டினால் சட்டியோடு சேர்ந்து சுவரும் வேகும். சூடு ஆறிய பின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீறி, வீங்கி, உதிர்ந்து போகும்.

களிமண்ணுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. கடுகளவு சுண்ணாம்புக்கல்லோ சிப்பித் துண்டோ மண்ணில் கலந்திருந்தால், சூளை பிரிக்கும்போது சட்டி நன்றாகவே தெரியும். சில நாளில் அந்தத் துணுக்கு ஈரம் குடித்து வீங்கி, மேலே இருக்கும் மண்ணைச் சில்லாகத் தள்ளிவிடும். வாங்கியவர் வீட்டில் வைத்துச் சட்டி பொரிந்து உடைவதற்கு இது ஒரு காரணம்.

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. களிமண், மணல், சுவருக்கு எடுக்கும் செங்கல், பூச்சுக்கு எடுக்கும் தூள் ஆகிய ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து அதன்மேல் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கடற்கரை மணலில் சிப்பியும் உப்பும் இருப்பதால் அதைச் சூளையின் எந்தப் பகுதிக்கும் எடுக்கவேண்டாம். கிணறு உவராக இருந்தால் பூச்சு குழைப்பதற்கு மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, பூச்சைக் கழலவைக்கும். பாண்டத்தில் வெள்ளைப் படையும் பூக்கும்.

அளவு: ஒரு அடி கூடினால் என்ன நடக்கும்?

உதாரணத்துக்கு, வாய் முதல் வயிறு வரை எங்கு அளந்தாலும் 8 அங்குல அகலத்துக்குள் அடங்கும், 6 அங்குல உயரமான ஒரு கறிச்சட்டியை எடுப்போம். உள்ளளவு 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் கொண்ட அறையில் தீ ஓடுவதற்கு இடைவெளி விட்டு ஒரு தட்டில் 16 சட்டி வைக்கலாம். ஐந்து தட்டு அடுக்கினால் 80. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு அடி கூட்டி 4 அடி ஆக்கினால், ஒரு தட்டில் 25 வீதம் ஏழு தட்டில் 175 சட்டி. கன அளவு 27 கன அடியிலிருந்து 64 கன அடியாகிவிடுகிறது.

ஒரு அடிதானே என்று தோன்றும். ஆனால் மாதம் 80 சட்டி செய்யும் குடும்பம் பெரிய சூளையை நிரப்ப இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அதுவரை கையில் காசு வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த சட்டி ஈரம் ஏறி மீண்டும் இளகும். பாதி நிரப்பிச் சூளை வைத்தாலும் விறகு பாதியாகக் குறையாது. சுவரைச் சூடாக்குவதற்கே பெரும்பங்கு போய்விடும்.

ஆகவே நான் சொல்லும் கணக்கு எளிமையானது. இரண்டு வாரத்தில் உங்கள் கைகள் செய்து, உங்கள் தாழ்வாரத்தில் காயவைக்கக்கூடிய பாண்டங்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஒருமுறையில் அடங்கும் அறையே உங்கள் அளவு. ஊர் கூடி ஒரு சூளையைப் பகிர்ந்துகொள்வதானால் யார், எந்த வாரம், விறகு யாருடையது என்பதைக் கட்டுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அறையின் உருவம் முடிந்தவரை உயரமும் அகலமும் ஒத்ததாக இருக்கட்டும். நெடிய அறையில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வெப்ப வித்தியாசம் கூடும். அகன்று தாழ்ந்த அறையில் ஓரங்கள் வேகாமல் நிற்கும். உள்ளளவைச் செங்கல்லின் அளவோடு பொருத்துங்கள். தீச்செங்கல்லின் பொதுவான அளவுகளில் ஒன்று 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம். 3 அடிச் சுவருக்கு அது நீளத்தில் நான்கு கல், உயரத்தில் பன்னிரண்டு வரி. வெட்டு இல்லை, கழிவு இல்லை. சாதாரணச் செங்கல்லின் அளவு இடத்துக்கு இடம் மாறும். வாங்கப்போகும் கல்லைக் கையில் எடுத்து அளந்த பிறகே படம் கீறுங்கள்.

காற்று வழி

தீ கீழே எரிந்து, துளையிட்ட தளத்தின் ஊடாக மேலே ஏறி, ஓட்டுத்துண்டால் மூடிய வாயால் வெளியேறுவது மேலெழு சூளை. சட்டி பானைக்கு இதுவே போதும். தனிப் புகைபோக்கி வேண்டியதில்லை, அறையின் உயரமே காற்றை இழுத்துவிடும். தளத்துளைகள் நடுவில் மட்டும் குவியாமல் ஓரம் வரை பரவியிருக்கவேண்டும். உள்ளே வரும் வழியின் பரப்பும் வெளியே போகும் வழியின் பரப்பும் ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். வெளிவழி குறுகினால் தீ பின்னால் திரும்பி விறகு வாயால் வரும்.

மெருகிட்ட பாண்டங்களுக்கும் கூடிய வெப்பத்துக்கும் கீழிழு சூளை நல்லது. தீ மேலே போய், கூரையில் திரும்பி, கீழ்த்துளை வழியாகப் புகைபோக்கிக்குச் செல்லும். இதற்குச் சூளை கட்டுபவர்களிடம் பழகிய ஒரு கணக்கு உண்டு. தீ கீழ்நோக்கி இழுபடும் ஒவ்வொரு அடிக்கும் புகைபோக்கியில் 3 அடி உயரம் வேண்டும். கிடையாகச் செல்லும் ஒவ்வொரு 3 அடிக்கும் மேலும் 1 அடி வேண்டும். 3 அடி அறைக்கு அது 9 அடியும் 1 அடியும் சேர்ந்து 10 அடி. புகைபோக்கியின் அகலம் அறையின் அகலத்தில் நாலில் ஒன்று, அதாவது 9 அங்குலம். விறகு எரியும் தட்டின் பரப்பு, புகைபோக்கியின் குறுக்குப் பரப்பைப்போல் பத்து மடங்கு. 9க்கு 9 என்றால் 81 சதுர அங்குலம். பத்து மடங்கு 810 சதுர அங்குலம், அதாவது ஐந்தரை சதுர அடிக்குச் சற்று மேல். இதை இரண்டு அடுப்பு வாயாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இவை தொடக்கக் கணக்குகள். பெரிதாகக் கட்டிவிட்டு ஒரு செங்கல் வைத்து அடைக்கலாம். சிறிதாகக் கட்டியதை இடிக்காமல் பெரிதாக்க முடியாது.

சுவர்: சூட்டைக் குடிப்பதும் காப்பதும்

கனமான செங்கல் வெப்பத்தைக் குடிக்கும், இலேசான பொருள் வெப்பத்தைக் காக்கும். சூளைச் சுவருக்கு இரண்டும் வேண்டும். உட்பக்கம் தீயைத் தாங்கும் 4½ அங்குலத் தீச்செங்கல் அல்லது நன்றாக வெந்த சாதாரணச் செங்கல். அதன் வெளியே ஒரு வரி சாதாரணச் செங்கல். அதற்கும் வெளியே களிமண்ணுடன் உமியோ மரத்தூளோ கலந்த மூன்று நான்கு அங்குல மெத்தை. விறகை உண்மையில் மிச்சப்படுத்துவது கண்ணுக்கு அழகில்லாத இந்த வெளி மெத்தைதான். மழை படாமல் மேலே ஒரு தகரக் கொட்டில் வேண்டும்.

3 அடி அறையின் நான்கு உட்சுவர்களுக்கும் கணக்குப்படி 216 தீச்செங்கல் வரும். உடைவையும் சேர்த்து 240 எடுக்கலாம். தளம், அடுப்பு வாய், கூரை இதற்குள் அடங்கவில்லை. காசு போதாவிட்டால் தீ நேரடியாக அடிக்கும் அடுப்பு வாய்க்கும் அறையின் கீழ் வரிகளுக்கும் மட்டும் தீச்செங்கல் வையுங்கள். 900 பாகைக்கு மேற்பகுதியில் நல்ல செங்கல் தாக்குப்பிடிக்கும்.

சாந்துக்குச் சீமெந்து வேண்டாம். சீமெந்துக் கலவை இறுகிய பின் அதில் உருவாகும் நீறிய சுண்ணாம்பு 400 முதல் 500 பாகைக்குள் சிதைந்துவிடும். சூளையோ அதைப்போல் இரண்டு மடங்கு சூடாகும். சீமெந்துக்கல்லுக்கும் கொங்கிறீட் தட்டுக்கும் இதே நிலைதான். களிமண்ணும் ஓட்டுத்தூளும் குழைத்த மெல்லிய சாந்து போதும். கற்களுக்கு இடையில் 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். மூலைகளில் கால் அங்குல இடைவெளி விட்டு, வெளியே இரும்புக் கோணச்சட்டத்தால் கட்டுங்கள். சூட்டில் சுவர் விரியும், அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

உட்பூச்சு: எதற்கு எது?

உட்பூச்சு மூன்று வேலைகளுக்கு. சுவரின் சிறு வெடிப்புகளை அடைப்பது, சாம்பலும் மெருகும் கல்லில் ஒட்டாமல் காப்பது, வெப்பத்தை அறைக்குள்ளே திருப்பி விடுவது. முதல் இரண்டும் நமக்கு உடனே பயன்படும். மூன்றாவது, வெப்பம் கூடக் கூடத்தான் பெரிதாகத் தெரியும்.

முதலாவது, மண் பூச்சு. சாதாரணச் செங்கல் சூளைக்கு இதுவே ஏற்றது. சட்டி செய்யும் அதே களிமண் ஒரு பங்கு, ஓட்டுத்தூளும் சுண்ணாம்பு இல்லாத மணலும் சேர்ந்து இரண்டு பங்கு. களிமண் கூடினால் காய்ந்து வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். போரில் இடிந்த வீடுகளின் உடைந்த கூரை ஓடு ஓட்டுத்தூளுக்கு மிக நல்ல பொருள். ஏற்கெனவே சுட்ட மண் என்பதால் மீண்டும் சுருங்காது. அதில் ஒட்டிய சுண்ணச்சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு இடித்து அரித்துக்கொள்ளுங்கள். சுவரை நனைத்து, கால் அங்குலமாக இரண்டு தடவை பூசுங்கள். முதற்பூச்சு காய்ந்து வெடித்த கோடுகளை இரண்டாவது பூச்சு அடைக்கும். ஒவ்வொரு சூளைக்குப் பின்னும் பார்த்து ஒட்டுப் போடவேண்டும். அது குறையல்ல, வீட்டுக்குச் சாணம் மெழுகுவது போன்ற பராமரிப்பு.

இரண்டாவது, வெண்களிப் பூச்சு. தீச்செங்கல் தளத்துக்கும் பாண்டம் வைக்கும் தட்டுகளுக்கும் இது. கயோலின் எனும் வெண்களியும் அலுமினா ஐதரேற்றுத் தூளும் எடையில் சரிபாதி. அலுமினா கிடைக்காவிட்டால், நமது வெப்பநிலைக்குச் சிலிக்காத் தூள் போதும். இலங்கையில் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கயோலின் படிவுகள் உள்ளன. பாலாடைப் பதத்தில் கரைத்து, நனைத்த கல்லின்மேல் தூரிகையால் மெல்லிய இரண்டு மூன்று பூச்சு. தடித்தால் கழலும். கூரையிலும் பாண்டத்துக்கு மேலுள்ள இடங்களிலும் பூசவேண்டாம், உதிர்ந்து மெருகில் விழும். இந்தத் தூள்களைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

மூன்றாவது, சிர்க்கோன் பூச்சு. சிர்க்கோன் தூளுடன் சிறிது கயோலினும் பிணைப்புக்குச் சோடியம் சிலிக்கேற்றும் சேர்ந்தது. புல்மோட்டைக் கனிய மணலில் இருக்கும் சிர்க்கோன்தான் இது. ஆனால் பூச்சுக்கு வேண்டியது மாவாக அரைத்த தூள், அதை மட்பாண்டப் பொருள் விற்பவர்களிடமே வாங்கவேண்டும். 1200 பாகைக்கு மேல் போகிறவர்களுக்கும், வெப்பநார் விரிப்பால் உட்சுவர் அமைப்பவர்களுக்கும் இது பயன் தரும். 900 பாகையில் சட்டி சுடுபவர் அந்தக் காசை வெளி மெத்தைக்கும் உலர்ந்த விறகுக்கும் செலவிடுவது நல்லது.

வெப்பநார் விரிப்பு இலேசானது, விறகை நன்றாக மிச்சப்படுத்தும். ஆனால் அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே போகக்கூடியவை. நீண்ட காலம் சூடான விரிப்பைக் கழற்றுவது மேலும் ஆபத்து. பூச்சு போட்டு மூடாமல், தகுந்த முகக்கவசம் இல்லாமல், பிள்ளைகள் விளையாடும் வளவில் அதைப் பயன்படுத்தவேண்டாம்.

பூசவும் மூடவும் கூடாதவை

சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். சீமெந்துப் பூச்சும் வேண்டாம். வெள்ளிநிற அலுமினியப் பெயின்ற் வெப்பத்தைத் திருப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும்.

முக்கியமாக, சூளையின் வாயை மூட உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் போடவேண்டாம். இடிந்த வீட்டு வளவுகளில் அது நிறையக் கிடப்பதால் கை தானாக அதைத்தான் தேடும். சூட்டில் அது வெடித்துச் சிதறும், நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் இழைகளும் காற்றில் கலக்கும். உடைந்த ஓடும் சட்டித் துண்டுமே மூடுவதற்குச் சரியானவை.

இடமும் விறகும்

மீளக் கையளிக்கப்பட்ட காணியில் சூளை வைப்பதானால், நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்ணுக்குள் வெடிக்காத பொருள் இருந்தால், மேலே மணிக்கணக்காக எரியும் தீ அதை வெடிக்கச் செய்யலாம். முகமாலை போன்ற பகுதிகளில் விறகு பொறுக்கப் போகும்போதும் களிமண் எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். களிமண் அகழ்வதற்கான அனுமதியைப் பற்றியும் பிரதேச செயலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கனிய அகழ்வு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

விறகுக்குப் பனையைத் தறிக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போன பனைகளே போதும். காய்ந்த பனைமட்டை, பன்னாடை, ஊமல், தென்னம்பொச்சு, சிரட்டை ஆகியவை நல்ல எரிபொருள். மட்டையும் பன்னாடையும் சட்டென்று எரியும், கடைசியில் வெப்பத்தை ஏற்ற உதவும். ஊமலும் சிரட்டையும் நின்று எரியும்.

முதல் எரிப்பு

கட்டிய சூளையை நிழலில் குறைந்தது இரண்டு வாரம் ஆறவிடுங்கள். முதல் தடவை பாண்டம் வைக்காமல் சிறு தீ மட்டும். மேல் வாயருகே குளிர்ந்த கண்ணாடித் துண்டைக் குறட்டால் பிடித்துப் பாருங்கள். ஆவி படியும்வரை தீயைக் கூட்டவேண்டாம். சுவருக்குள் நீர் இருக்கும்போது சூடேறினால் பூச்சு வெடித்துக் கழலும். 573 பாகையில் மணலில் உள்ள படிகம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கும். இருட்டில் உட்சுவர் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும் கட்டம் அதற்கு அண்மையானது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்கவேண்டும். செர்ரிப்பழச் சிவப்பு ஏறத்தாழ 800 பாகை, செம்மஞ்சள் ஏறத்தாழ 950. கண் பழகும்வரை தேமோகப்பிள் ஒன்றை இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இது நமக்குப் புதிய அறிவும் அல்ல. கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்வுகளில் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள், வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக இருக்கின்றன. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்து, உட்பக்கத்துக்குக் காற்றைக் குறைத்துச் சுட்டால் அப்படி வரும். சூளைக்குள் காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று தெரிந்தவர்கள் பயன்படுத்திய மண் அது.

உங்கள் ஊருக்கு யாராவது சூளை கட்டித் தருகிறோம் என்று வந்தால், கையெழுத்திடும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். உள்ளளவு எத்தனை அடி, அதை எத்தனை நாளில் நாங்கள் நிரப்புவோம்? தீ படும் சுவர் எந்தக் கல்? சாந்திலும் பூச்சிலும் சீமெந்தோ சுண்ணாம்போ இருக்கிறதா? ஒரு சூளைக்கு எவ்வளவு விறகு, அது எங்கிருந்து வரும்? பூச்சு கழன்றால் எங்கள் கையால் திருத்தலாமா? பதில் தெரியாதவர்களிடம் மேசனை அனுப்பவேண்டாம் என்றும், முதலில் உங்கள் ஊரில் சட்டி செய்யும் ஒருவரோடு ஒருநாள் இருக்கச் சொல்லியும் கேளுங்கள். பெயர்ப்பலகையின் செலவுக்கு இருபது தீச்செங்கல் கூடுதலாக வாங்கித் தரும்படியும் கேட்கலாம்.